கண்காட்சியில் கேட்டதெல்லாம் கார்பெட்டில் எப்போது இறங்கும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: மூன்று ஆண்டாக இரண்டு ஆட்கள், ஒரு வேன் என்று கார்பெட் சுத்தம் செய்யும் தொழில் நடத்துகிறீர்கள். தொழில்முறைக் கண்காட்சி ஒன்றுக்கு இரண்டு நாள் போய், ஆறு வகுப்பில் உட்கார்ந்து, நாற்பது பக்கம் குறிப்பெடுத்து, பை நிறைய சாம்பிள் பாட்டில்களோடு திரும்பினீர்கள். நான்கு மாதம் ஓடிவிட்டது. தொழிலில் ஒன்றும் மாறவில்லை. "கற்றதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது, எதில் தொடங்குவது?" என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு உழைப்பும் ஆர்வமும் குறைவில்லை. நாற்பது பக்கத்தில் எது நம் வேலைக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரிக்கத்தான் வழி தெரியவில்லை. பொருந்தாததைக் கழித்துவிட்டால் மிச்சம் இரண்டு பக்கம்கூடத் தேறாது. அதைச் செய்ய யாரும் சொல்லித் தர வேண்டியதும் இருக்காது.

நான் இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது ஆண்டு ஆகிறது. வீடுகளும் சிறிய அலுவலகங்களும்தான் என் பழக்கம். பெரிய கட்டடங்களின் ஆண்டு ஒப்பந்தங்களில் எனக்கு அனுபவம் குறைவு. கையால் முடிச்சுப் போட்டு நெய்த பழைய விரிப்புகளைத் தொடவே மாட்டேன், அதற்கென்று இருப்பவர்களிடம் அனுப்பிவிடுவேன். கீழே சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், மறந்துபோனதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் வெளியிட்ட ஆய்வில், மனப்பாடம் செய்ததில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கழன்றுவிடுவதைக் காட்டினார். 2015-இல் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே வளைவுதான் வந்தது. ஆனால் அவர் மனப்பாடம் செய்தவை பொருளில்லாத அசைகள், சோதனைக்கு உட்பட்டவரும் அவர் ஒருவரே. அந்தக் கணக்கை அப்படியே கண்காட்சி வகுப்புக்குப் பொருத்த முடியாது. ஏற்கெனவே கையில் இருக்கும் வேலையோடு ஒட்டிய செய்தி அவ்வளவு சீக்கிரம் போகாது. அதை வைத்து நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வீடு திரும்பும் வழியிலேயே, நோட்டைத் திறக்காமல், ஞாபகத்தில் நிற்பதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுவேன். பெரும்பாலும் ஐந்தாறு விஷயம்தான் வரும். அவை எல்லாமே அந்த மாதம் எனக்குத் தலைவலியாக இருந்த ஏதோ ஒன்றைத் தொடுபவையாகவே இருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். நோட்டு அலமாரிக்குப் போய்விடும்.

சரி, அடுத்தது சலிக்கும் வேலை. கண்காட்சி அரங்கத்துக்கும் வாடிக்கையாளர் வீட்டுக்கும் இடையே இருக்கும் வித்தியாசத்தை வைத்துத்தான் சலிக்க வேண்டும். ஸ்டாலில் ஒருவர் கார்பெட் துண்டின் மேல் காபியைக் கொட்டுகிறார், பாட்டிலை எடுத்து இரண்டு அழுத்து அழுத்துகிறார், துணியால் ஒற்றுகிறார், கறை போய்விடுகிறது. சுற்றி நிற்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தத் துண்டு என்ன நார் என்று யாரும் கேட்பதில்லை. பாலிப்ரொப்பிலீன் என்ற செயற்கை நாராக இருந்தால் அது தண்ணீரைக் குடிப்பதே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன் கொட்டிய காபி வெறும் தண்ணீரிலேயே பெருமளவு வந்துவிடும். கம்பளி அப்படி இல்லை. தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். நைலான் இரண்டுக்கும் நடுவில். எனவே ஸ்டாலில் மூன்று கேள்வி போதும்: இது என்ன நார், கறை எப்போது பட்டது, பக்கத்தில் இன்னொரு கறை போட்டு முதலில் வெறும் தண்ணீரால் துடைத்துக் காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, டெமோ முடிந்த பத்தாவது நிமிடம் நாம் அடுத்த ஸ்டாலுக்கு நகர்ந்துவிடுவோம். கறை திரும்ப மேலே வருவது மறுநாள் காலையில். அடியில் தங்கிய ஈரம் நூலின் நுனியில் காய்கிறது. அங்கே காயக் காயக் கீழிருந்து ஈரம் மேலேறி, கரைந்த அழுக்கையும் மிச்சம் இருந்த சோப்பையும் நுனிக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே கதைதான். அரங்கத்தில் இதைப் பார்க்கவே முடியாது.

தண்ணீர் விட்டு உறிஞ்சும் மெஷின்களுக்கும் இதே கண்ணோட்டம் வேண்டும். ஸ்டாலில் ஹோஸ் மூன்று மீட்டர் இருக்கும். நமக்கோ வேனிலிருந்து படியேறி, திரும்பி, உள்ளறைக்குப் போக முப்பது மீட்டர் ஆகும். நீளம் கூடக் கூட உறிஞ்சும் காற்று வழியிலேயே உராய்ந்து பலமிழக்கிறது. அட்டையில் போட்டிருக்கும் உறிஞ்சுதிறன் இரண்டு வகை. ஒன்று வாயை முழுக்க அடைத்துவிட்டு அளந்தது, மற்றது முழுக்கத் திறந்துவிட்டு அளந்தது. நாம் வேலை செய்வது இரண்டுக்கும் நடுவே, அதுவும் நீளமான குழாயின் மறுமுனையில். இதைத் தெரிந்துகொண்டபின் நான் புது மோட்டார் வாங்கும் யோசனையை விட்டுவிட்டு ஹோஸை மாற்றினேன். 38 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 50 மில்லிமீட்டர். அதே அளவு காற்று போகும்போது உராய்வில் போகும் இழப்பு ஏறத்தாழ கால்வாசியாகிவிடும். இது பௌதிகம், இதில் சந்தேகம் இல்லை. உங்கள் மெஷினின் வாயளவு அதற்கு ஒத்துவருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய ஹோஸ் கனமானது, ஆட்கள் முதல் வாரம் முணுமுணுப்பார்கள்.

நான் பட்ட அடி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த நான்காம் ஆண்டு ஒரு கண்காட்சியில் முன்தெளிப்பு கெமிக்கல் ஒன்றைப் பார்த்து மயங்கி இருபது லிட்டர் வாங்கினேன். எண்ணெய்ப் பிசுக்கை அப்படியே கரைத்தது. வந்த வாரமே ஒரு வீட்டில் வெளிர்நிறக் கம்பளி கார்பெட்டில் தெளித்தேன். காய்ந்தபின் மஞ்சள் படர்ந்து நின்றது. அந்தக் கரைசலின் பிஹெச், அதாவது அமில–கார அளவு, 11-க்கு மேல். ஸ்டாலில் காட்டியது செயற்கை நாரில், அதில் அது நன்றாகத்தான் வேலை செய்யும். கம்பளியோ காரத்தைத் தாங்காது, 8-ஐத் தாண்டாமல் வைப்பதுதான் பத்திரம். எட்டுக்கும் பதினொன்றுக்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று அப்போது நினைத்தேன். பிஹெச் கணக்கில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு. அமில அலசல் கொடுத்துக் கொஞ்சம் மீட்டேன், மீதிக்கு நஷ்டஈடு கொடுத்தேன். விற்றவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. இப்போது வேனில் பிஹெச் அளக்கும் தாளும் தீப்பெட்டியும் இருக்கின்றன. ஓரத்தில் மறைவான இடத்திலிருந்து ஒரு நூலை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினால், கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை நார் உருகி மணியாக இறுகும்.

வகுப்பில் கேட்ட உத்திகளை எடைபோட எனக்கு இன்றுவரை உதவுவது ஹெர்பர்ட் சின்னர் சொன்ன வட்டம். ஹென்கெல் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்தவர், 1959-இல் சொன்னது. சுத்தம் செய்வது நான்கு பங்காளிகளின் கூட்டு வேலை: வேதிப்பொருள், வெப்பம், உராய்வு, நேரம். ஒருவர் பங்கைக் குறைத்தால் அதை மற்றவர்கள் தலையில் ஏற்றியாக வேண்டும். இதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் நோட்டைப் பாருங்கள். "பாதி நேரத்தில் முடிக்கலாம்" என்று எழுதியிருந்தால், நேரம் குறைந்த இடத்தில் எது கூடியது என்று கேளுங்கள். கெமிக்கலின் காரமா? தண்ணீரின் சூடா? சுழலும் பிரஷ்ஷா? விடை கிடைத்தால் அந்த உத்தியை நம்பலாம், அதன் விலை என்ன என்பதும் தெரிந்துவிடும். எதுவுமே கூடவில்லை என்றால் எங்கேயோ சுத்தம் குறைந்திருக்கிறது. ஒருமுறை எனக்கு வந்த விடை சும்மா கிடைக்கிற சமாச்சாரம்: தெளித்துவிட்டு உடனே உறிஞ்சாமல் பத்து நிமிடம் விடுவது. அந்தப் பத்து நிமிடத்தில் அடுத்த அறையை வேக்குவம் செய்கிறோம், நேரமும் வீணாவதில்லை. வேக்குவம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஈரம் படும் முன் உலர்ந்த மண்ணை எடுப்பதைப்போல லாபமான வேலை இந்தத் தொழிலில் வேறில்லை. எந்த ஸ்டாலும் அதைப் பற்றிப் பேசாது. அதில் விற்க என்ன இருக்கிறது?

பையில் கிடக்கும் சாம்பிள்களுக்கு வருவோம். அவற்றை வாடிக்கையாளர் வீட்டில் சோதிக்காதீர்கள், சமையலறைக் கண்ணாடித் தட்டில் சோதியுங்கள். பாட்டிலில் சொன்ன அளவில் கலந்து, தட்டுக்கு ஒரு கரண்டி ஊற்றி, எந்தத் தட்டில் எது என்று சீட்டு ஒட்டி, ஜன்னலோரம் இரண்டு நாள் வைத்துவிடுங்கள். தண்ணீர் போனபின் அடியில் தங்குவதுதான் கார்பெட்டிலும் தங்கப் போகிறது. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். என்காப்சுலேஷன் (அழுக்கைப் பொதிந்துகொண்டு காய்வது) வகை என்று விற்கப்படுவது கண்ணாடிபோல நொறுங்கிப் பொடியாக வர வேண்டும், அப்போதுதான் அழுக்கைப் பிடித்தபடி வேக்குவத்தில் ஏறும். விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால், அது கார்பெட்டில் நடக்கிற ஒவ்வொரு காலிலிருந்தும் அழுக்கை வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டே மாதத்தில் வாடிக்கையாளர் "முன்பைவிடச் சீக்கிரம் அழுக்காகிறதே" என்பார். நான் கடைசியாகக் கொண்டுவந்த ஐந்து பாட்டிலில் இரண்டு பிசுபிசுத்தன, ஒன்று தேன் மாதிரி இழுத்தது. ஆனால் நன்றாகப் பொடிந்தது நன்றாகச் சுத்தம் செய்யும் என்று அர்த்தமில்லை. இந்தச் சோதனை எச்சத்தை மட்டும்தான் சொல்லும்.

இனி பணம். மெஷின் விற்பவர் "ஒரு வேலைக்கு இருபது நிமிடம் மிச்சம்" என்பார். உண்மையாகவே இருக்கட்டும். நாளுக்கு மூன்று வேலை என்றால் ஒரு மணி நேரம் மிஞ்சுகிறது. நான்காவது வேலைக்குப் பயணத்தோடு இரண்டரை மணி நேரம் வேண்டும். அப்போது அந்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வீர்கள்? ஆட்கள் கொஞ்சம் முன்னதாக வீட்டுக்குப் போவார்கள். நல்லதுதான், ஆனால் மெஷினின் தவணையை அது கட்டாது. மிஞ்சும் நேரம் முழு வேலையாக மாறாதவரை அது காகிதத்தில்தான் லாபம். வேலை இருந்தும் நேரமில்லாமல் திருப்பி அனுப்புகிறீர்களா, நேரம் இருந்தும் வேலை வராமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? இரண்டாவது என்றால் வேகமான மெஷின் உங்களுக்கான மருந்தே இல்லை.

விலை பற்றிய வகுப்பு எல்லாக் கண்காட்சியிலும் இருக்கும். பேசுபவர் "இருபது சதவீதம் ஏற்றுங்கள்" என்பார், இன்னொரு அரங்கில் வேறொருவர் "இருபது சதவீதம் தள்ளுபடி கூப்பன் கொடுங்கள்" என்பார். இரண்டையும் கணக்கில் வையுங்கள். ஒரு வேலைக்கு 100 வாங்கி, அந்த வேலைக்கென்றே ஆகும் செலவு 50 போக 50 நிற்கிறது என்று கொள்வோம். 120 ஆக்கினால் 70 நிற்கும். முன்பு நூறு வேலையில் வந்தது இப்போது 72 வேலையிலேயே வந்துவிடும். நூற்றுக்கு 28 பேர் போனாலும் நஷ்டமில்லை. 80 ஆக்கினால் நிற்பது 30, அதே பணத்துக்கு 167 வேலை செய்ய வேண்டும். இரண்டு பேரால் முடியுமா? இவ்வளவும் உறுதியான கணக்கு. ஏற்றினால் எத்தனை பேர் போவார்கள் என்பதுதான் ஊகம், அது உங்கள் இடத்தையும் உங்கள் பெயரையும் பொறுத்தது. நான் செய்தது, பழைய வாடிக்கையாளர்களைத் தொடாமல் புதிதாகக் கூப்பிடுகிறவர்களுக்கு மட்டும் ஆறு வாரம் புது விலை சொன்னது. பயந்ததைவிடக் குறைவாகத்தான் போனார்கள். உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். மேடையில் பேசுபவர்களும் தரக் கூடாது. ஏற்றிப் பார்த்துத் தொழில் படுத்தவர்களை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

விளம்பர வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதில் எனக்குப் பலித்தது ஒன்றுதான்: பழைய வாடிக்கையாளருக்குக் குறித்த காலத்தில் ஞாபகமூட்டுவது. பல கார்பெட் உற்பத்தியாளர்கள் 12 முதல் 18 மாதத்துக்கு ஒருமுறை தொழில்முறைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். சிலர் உத்தரவாதத்துக்கே அதை நிபந்தனையாக வைக்கிறார்கள். எனவே சுத்தம் செய்து பதினோராம் மாதம் ஒரு செய்தி அனுப்பினால் அது தொல்லையாகத் தெரிவதில்லை.

இப்படிச் சலித்தபின் மூன்று நான்கு விஷயம் மிஞ்சும். அதில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டை ஒரே மாதத்தில் மாற்றினால் எதனால் என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியாது. மாற்றும் முன் இரண்டு வாரம் பழைய முறையிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எதை அளப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "புகார் குறைந்ததா" என்று பார்ப்பார்கள். மாதம் நாற்பது வேலையில் புகார் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அவ்வளவு சிறிய எண்ணில் அது தற்செயலாகவே நடக்கும். ஒவ்வொரு வேலையிலும் தவறாமல் கிடைக்கும் எண்ணாக இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது இரண்டு. ஒன்று, ஊற்றிய தண்ணீர் எத்தனை லிட்டர், உறிஞ்சி அழுக்குத் தொட்டிக்கு வந்தது எத்தனை லிட்டர். வித்தியாசம் பெரும்பாலும் கார்பெட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு, முழுக்கக் காய எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது. அதை மாலையில் வாடிக்கையாளரிடம் ஒரு செய்தியில் கேட்டுவிடலாம். 6 முதல் 8 மணி நேரத்தில் காய்ந்தால் நல்ல வேலை, 24 மணி நேரத்தைத் தாண்டினால் நாற்றத்துக்கும் பூஞ்சைக்கும் வழிவிடுகிறோம். ஹோஸை மாற்றியபோது இந்த இரண்டு எண்ணும்தான் நகர்ந்தன. அதை என் ஆட்களிடம் காட்டினேன், முணுமுணுப்பு நின்றது.

ஆட்கள் விஷயத்தில் ஒன்று. கண்காட்சிக்குப் போனது நீங்கள், மறுநாள் மெஷினின் உறிஞ்சுகுழலைப் பிடிப்பது அவர்கள். "இனிமேல் நன்றாக உறிஞ்சுங்கள்" என்று சொன்னால் எதுவும் மாறாது. "தண்ணீர் விட்டு ஒரு இழுப்பு, தண்ணீர் நிறுத்தி இரண்டு வெறும் இழுப்பு" என்று சொல்லிப் பாருங்கள், கை கேட்டுக்கொள்ளும். வகுப்பில் கேட்ட எதையாவது இப்படிக் கையால் செய்யும் ஒரு வரியாக எழுத முடியவில்லை என்றால், நமக்கே அது இன்னும் சரியாகப் புரியவில்லை. அந்த வரியை வேன் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

அடுத்த முறை போவதாக இருந்தால் வகுப்புகளைக் குறைத்து, நடைபாதையில் நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். உங்கள் ஊரில் தொழில் செய்யாத, உங்கள் அளவே உள்ள ஒருவரைப் பிடியுங்கள். போட்டி இல்லாததால் அவர் தன் கணக்கையே திறந்து பேசுவார். போன ஆண்டு வாங்கியதில் எது மூலையில் கிடக்கிறது என்று கேளுங்கள், மேடையில் வராத செய்தி அங்கே வரும். ஆம்ஸ்டர்டாமில் 1967 முதல் நடந்துவரும் இன்டர்கிளீன் போன்ற பெரிய கண்காட்சிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, சிறியதில் ஆட்களோடு பேச நேரம் அதிகம் கிடைக்கும்.

போகும்போது, தூக்கியெறியப் போகிற கார்பெட்டிலிருந்து கையகலத் துண்டுகள் நாலைந்து வெட்டி, உங்களுக்கு அடிக்கடி வரும் கறையைப் போட்டு, ஒரு வாரம் காயவிட்டு எடுத்துப் போங்கள். பின்னால் என்ன நார், என்ன கறை, என்ன தேதி என்று எழுதிவையுங்கள். சில ஸ்டாலில் "இதில் வேண்டாமே" என்று நகர்த்திவிடுவார்கள். சிலர் வாங்கிச் செய்து பார்ப்பார்கள். வந்த கறையோ வராத கறையோ, துண்டைத் திரும்ப வாங்கி, ஸ்டால் எண்ணை அதன் பின்னாலேயே குறித்துப் பையில் போடுங்கள். மறுநாள் காலை அறையில் எடுத்துப் பார்த்தால், எது மீண்டும் எழுந்திருக்கிறது என்று தெரியும். கண்காட்சியின் இரண்டாம் நாளில் எந்த ஸ்டாலுக்குத் திரும்பிப் போவது என்று அந்தத் துண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.